பச்சைப் பட்டையை அமத்தினால் எங்கே போகும்

ஹலோ... ஓம், வணக்கம், மீள்வரவு உதவி மையம், வவுனியா... ஓம் ஓம், வெப்சைட் விளங்காத ஆக்கள் எடுக்கிற நம்பர் இதுதான்... சொல்லுங்கோ ஐயா... பொறுப்பான ஆளோ? பொறுப்பான ஆள் நான்தான்... இல்லை, இப்போதைக்கு என்னை விடப் பெரிய ஆள் ஒருத்தரும் இல்லை... என்ன, குரல் சின்னப் பெடியன்ர குரல் மாதிரி இருக்கோ...

ஐயா, ஒண்டு சொல்லட்டோ? நீங்கள் முல்லைத்தீவில கடை வைச்சிருக்கிறீங்கள். பேர் இஸ்ஸதீன். கதைக்க முதல் ரெண்டு தரம் தொண்டையைச் செருமுவீங்கள், மூண்டாந்தரம் செருமினால் கோபம் எண்டு அர்த்தம். இப்ப மூண்டாந்தரம் செருமப் போறீங்கள்... பாத்தீங்களே...

ஓம் மாமா, முன்ஸிர்தான்... வ அலைக்குமுஸ்ஸலாம்... இல்லை இல்லை, கம்ப்யூட்டருக்கு ஆக்களின்ர செருமல் தெரியாது. நான் உங்கட வீட்டில வளந்தனான், அதாலதான்... ஓம், வேலையில நல்ல பிள்ளையாத்தான் இருக்கிறன்... போன நோன்பில நீங்கள் என்ன சொன்னனீங்கள்? நாள் முழுக்கப் பெட்டியைப் பாத்துக்கொண்டு குந்தியிருக்கிறதும் ஒரு தொழிலோ எண்டு கேட்டனீங்கள். இப்ப நீங்களும் ஒரு பெட்டிக்கு முன்னாலதானே குந்தியிருக்கிறீங்கள். தொழில் எப்பிடி?... கண் எரியுதோ. ஓம், எங்களுக்கும் எரியும்.

சரி சரி, பகிடி விடேல்ல. எங்க நிக்கிறீங்கள்?... கிளிநொச்சியில. பரமலிங்கம் அண்ணையின்ர கொமியூனிகேசன் கடையிலயோ. இதுக்காக முல்லைத்தீவில இருந்து விடிய பஸ் எடுத்து வந்தனீங்களோ... ஓம், தெரியும், இண்டைக்குத்தான் கடைசி. நாலு மணியோட இந்த முறைப் பதிவை மூடுறம்... ஓம், அடுத்த முறை எப்ப எண்டு எனக்கே தெரியாது.

ஓம் மாமா, றாபியா மாமி எனக்கும் எடுத்துக் கதைச்சவா. பேர் பதிஞ்சு, வீடு கட்டித் தருவம் எண்டு கடிதம் கையில வந்தால்தான் புத்தளம் முகாமில இருந்து பஸ் ஏறுவாவாம். ரெண்டு வருஷமா நீங்கள் கடைக்குப் பின்னால தறப்பாள் கூரைக்குக் கீழ தனியச் சமைக்கிறீங்கள் எண்டதையும் சொன்னவா... இல்லை, சமைக்கிறீங்கள் எண்டுதான் சொன்னவா. சாப்பிடுறதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல...

அதைத்தான் கேப்பீங்கள் எண்டு தெரியும். நான் இங்க இருந்து உங்கட பேரைப் பதியேலாது மாமா... ஏன் எண்டால் இங்க ஒரு சட்டம். சொந்தக்காரருக்கு நாங்கள் விரல் வைக்கக் கூடாது. வழி காட்டலாம், வாயால சொல்லலாம், விரல் மட்டும் வைக்கேலாது... ஜெகதீஸ்வரி மிஸ் கண்ணாடி அறைக்குள்ள இருந்து பாத்துக்கொண்டு இருக்கிறா... ஓம், அவாதான் இங்க பெரியவா... கொஞ்சத்துக்கு முதல் என்னை விடப் பெரிய ஆள் இல்லை எண்டு சொன்னனான்தான். அப்ப அவா தேத்தண்ணிக்குப் போயிருந்தவா.

சரி, வேலைக்கு வருவம். மவுஸ் ஆரின்ர கையில?... நீங்களும் பரமலிங்கம் அண்ணையும் மாறி மாறியோ. நல்லது. இப்ப முன்னால என்ன தெரியுது?... கொடி. எத்தினை கொடி?... மூண்டு. அப்ப சரியான வாசல்லதான் நிக்கிறீங்கள்... ஓம், ஒண்டு சிங்கக் கொடி... ஓம், மற்றது இங்கிலீசுக்காரன்ர... ஓம், நடுவில சக்கரம் உள்ளது இந்தியா. இதில எதை அமத்தினீங்கள்?... சிங்கக் கொடியை. சிங்களம் வந்திருக்குமே... ஓம், அது சிங்களத்துக்குப் போற கொடி மாமா, அதுதான்... என்ன?... லைன் இரையுது, திருப்பிச் சொல்லுங்கோ... சிங்கத்தை அமத்தேல்லையோ? பின்னை எதை?

பச்சைப் பட்டையை.

ஒரு நிமிஷம் மாமா... இல்லை, இருமல். தூசி... ஓம், சொல்லுங்கோ, கேக்கிறன்... ஓம். கொடியில பச்சைப் பட்டை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் பட்டை தமிழருக்கு. ஓம், பள்ளிக்கூடத்தில படிப்பிச்சதுதான், சரியாத்தான் ஞாபகம் வைச்சிருக்கிறீங்கள். அப்ப அம்புக்குறியை மெல்ல மெல்லக் கொண்டுபோய், சிங்கத்தில முட்டாமல், பச்சையில வைச்சு அமத்தினனீங்கள்... கை நடுங்காமல்... கெட்டித்தனம்தான். சின்னக் கொடி, அதுக்குள்ள சின்னப் பட்டை... பரமலிங்கம் அண்ணை என்ன செய்தவர்?... செம்மஞ்சளை. தன்ர பங்கை... அவருக்கும் சிங்களம்தான் வந்ததோ.

ஓம் மாமா. பச்சையை அமத்தினாலும் செம்மஞ்சளை அமத்தினாலும் அங்கதான் போகும். அந்தக் கொடி அப்பிடி.

இல்லை, நான் ஒண்டும் சொல்லேல்ல. வவுனியா லைன் மாமா, வேற ஆக்களும் கேப்பினம், நான் ஒண்டுமே சொல்லேல்ல.

சரி, இப்ப இந்தியாக் கொடியை அமத்துங்கோ... ஓம், இந்தியா. தமிழ் அதுக்குள்ளதான் இருக்கு... என்னைக் கேக்காதேங்கோ. தமிழுக்கு எந்தக் கொடி போடுறது எண்டு கொழும்பில பெரியாக்கள் கூட்டம் வைச்சவை. ரெண்டுதரம் தேத்தண்ணி குடுத்தவையாம். கடைசியா, ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லாத கொடி இதுதான் எண்டு முடிவெடுத்து அனுப்பினவை... வேற எந்தக் கொடியோ? மாமா, நீங்கள் கிளிநொச்சியில நிக்கிறீங்கள், நான் வவுனியாவில நிக்கிறன். இந்தக் கேள்வியை நடுவில போற கம்பிக்குக் குடுக்காதேங்கோ.

அமத்தினீங்களோ?... ஏன்?... மாட்டீங்களோ?... ஏன் மாமா, இந்தியா உங்களுக்கு என்ன செய்தது?...

ஓ. இந்தியாவில முகாமில இருந்து திரும்பி வாற ஆக்களுக்கு எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறீங்கள்... பரமலிங்கம் அண்ணையும் அதைத்தான் சொல்லுறாரோ... ஓம்... அவரின்ர மச்சான் மண்டபம் முகாமில இருந்து வந்தவர், இந்தியாக் கொடியை அமத்தினவர், எல்லாம் வடிவா வந்தது. பாத்தீங்களே மாமா, அதுதான் நானும் சொல்லுறன், அங்க தமிழ்... ஓம்... ஓம், மச்சான் உண்மையா இந்தியாவில இருந்தவர், அதால அவருக்கு வந்தது. நீங்கள் இருக்கேல்ல, அதால உங்களுக்கு வராது. விளங்குது. அப்ப இங்கிலீசுக் கொடி?... லண்டனில இருந்து திரும்பி வாறவைக்கு. சரி. லண்டனில இருந்து ஆரும் தறப்பாளுக்குத் திரும்பி வந்ததா நான் இன்னும் கேள்விப்படேல்ல.

மாமா, கேளுங்கோ. இதில ஒருத்தரும் நீங்கள் எங்க இருந்து வாறீங்கள் எண்டு கேக்கேல்ல. எந்த மொழியில வாசிப்பீங்கள் எண்டுதான் கேக்கினம்... ஓம், அப்பிடி எழுதேல்லைத்தான். கொடி மட்டும்தான் நிக்குது... ஓம். அது உண்மை. இத்தினை அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கினீங்கள், எங்க பிறந்தது, எப்ப வெளிக்கிட்டது, எந்த முகாம், எப்ப வந்தது எண்டு கேட்டவையே தவிர, உனக்கு எதில வாசிக்க வசதி எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல... ஓம். எனக்கும் ஞாபகம் இருக்கு.

இல்லை, இது பொய் இல்லை மாமா. அமத்தினால் பொய் சொன்னதா வராது...

ஓம்...

ஓம். புத்தளத்தில. முல்லைத்தீவில இருந்து எங்களைத் துரத்தினாப் பிறகு, பேர் பதியிற லைனில நானும் உங்களுக்குப் பக்கத்தில நிண்டனான், உங்கட சாரத்தைப் பிடிச்சுக்கொண்டு. பிறந்த ஊர் புத்தளம் எண்டு எழுதினால் கெதியா வீடு கிடைக்கும் எண்டு பதியிற மனுசன் சொல்ல, நீங்கள் முல்லைத்தீவு எண்டு எழுது எண்டனீங்கள். மாமி மூண்டு நாள் உங்களோட கதைக்கேல்ல... அஞ்சு நாளோ. எனக்கு மூண்டு எண்டுதான் ஞாபகம், மிச்ச ரெண்டு நாள் அவா கதைச்சதை நீங்கள் கவனிக்காமல் விட்டிருப்பீங்கள்.

சரி. அமத்த வேண்டாம்... இல்லை, கோபம் இல்லை. உங்கட இடத்தில நிண்டால் நானும் அமத்த மாட்டன்... இல்லை, உண்மையா. மவுஸை வைச்சிட்டு அப்பிடியே இருங்கோ. போனை வைக்காதேங்கோ. பொறுங்கோ.

மிஸ்... மிஸ், ஒரு நிமிஷம்... இல்லை மிஸ், ஒண்டும் பதியேல்ல, ரெண்டு கையும் மேசைக்கு மேலதான் இருக்கு. மூண்டு கொடியையும் இறக்கலாமோ எண்டு கேக்க... வெப்சைட்டில மிஸ், வெப்சைட்டில. ஜன்னலைச் சாத்தத் தேவையில்லை... ஓம், காலமையில இருந்து எடுக்கிற ஆக்கள் எல்லாரும் இதே வாசல்லதான் நிக்கினம்... இப்ப லைனில நிக்கிறவரோ? மாமா. ஓம், சொந்த மாமா. ஒளிக்கேல்ல மிஸ், நீங்கள் கேக்கேல்ல... பச்சைப் பட்டையை அமத்தினவர் மிஸ்... ஓம், பச்சைப் பட்டையை மட்டும்... மிஸ்?...

மாமா, இருக்கிறீங்களோ? மிஸ் சிரிக்கிறா... ஓம், நானும் முதல்தரம்தான் பாக்கிறன். அவாவும் முதல் நாள் செம்மஞ்சளைத்தான் அமத்தினவாவாம். ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதாம், அதால நீங்களும் பரமலிங்கம் அண்ணைக்குச் சொல்லாதேங்கோ... சொல்லிட்டீங்களோ. சரி... ஓம், இறக்கச் சொல்லிட்டா. கொழும்போட அவா கதைக்கிறாவாம், இறக்கினாப் பிறகு. முதல் கதைச்சால் இன்னொரு கூட்டம் வைப்பினமாம்.

இப்ப பாருங்கோ, என்ன செய்யிறன் எண்டு. கொடியை எடுத்துப்போட்டு, மொழியின்ர பேரை எழுதுறன். சிங்களம் எண்டதைச் சிங்களத்தில, தமிழைத் தமிழில, இங்கிலீசை இங்கிலீசில. அவ்வளவுதான்... ஓம், லேசானதுதான். லேசா இருந்ததால ஒருத்தரும் யோசிக்கேல்ல. ஒருக்கா பேர் எழுதுவம் எண்டுதான் கொழும்பிலயும் வெளிக்கிட்டவை, மூண்டு மொழியின்ர பேரையும் இங்கிலீசில எழுதுவம் எண்டு. தமிழ் மட்டும் வாசிக்கிற மனுசன் இங்கிலீசில வாசிச்சுத்தான் தமிழ் எங்க எண்டு கண்டுபிடிக்க வேணுமாம்... ஓம், அதுக்கும் தேத்தண்ணி குடுத்தவை.

முடிஞ்சுது. இப்ப பரமலிங்கம் அண்ணையை அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கோ... மெல்லத்தான் வரும்... சிங்கம் போயிட்டுதோ?... வால் இன்னும் நிக்குதோ. நிக்கட்டும், அது கடைசியாத்தான் போகும்... போயிட்டுதோ. இப்ப தமிழ் எண்டு எழுதியிருக்கிறது தெரியுதோ?... தெரியேல்லையோ. பின்னை என்ன இருக்கு?... ஓம், எழுத்தெழுத்தாச் சொல்லுங்கோ... ஜே... கே... பி... ஓ... பிறகு ஒரு புள்ளியும் கீழ ஒரு வாலும்.

அதுதான் மாமா தமிழ்... இல்லை, சத்தியமாப் பகிடி இல்லை. அந்தப் பெட்டியில தமிழ் எழுத்து ஏத்தேல்ல. எழுத்தில்லாட்டித் தமிழ் அப்பிடித்தான் நிக்கும், குளிச்சுப்போட்டுச் சாரத்தைத் தேடுற ஆள் மாதிரி... சிங்களமும் அப்பிடித்தானோ? பரவாயில்லை, ஒருத்தரை ஒருத்தர் பாத்து வெக்கப்படத் தேவையில்லை. இங்கிலீசு மட்டும் உடுத்திக்கொண்டு நிக்குதோ... ஓம், அது எப்பவும் அப்பிடித்தான்.

உள்ளுக்கையோ? உள்ளுக்கைப் பயமில்லை மாமா, உள்ளுக்கை இருக்கிற பக்கங்கள் எழுத்தையும் தங்களோட காவிக்கொண்டு வரும். வாசலுக்குத்தான் ஒருத்தரும் யோசிக்கேல்ல. பொறுங்கோ, எழுத்தை விட்டிட்டுப் படமாக் கீறிப் போடுறன். படமெண்டால் எந்தப் பெட்டியிலயும்... என்ன சத்தம்?... ஜெனரேற்றர் நிண்டிட்டுதோ.

சரி... சரி மாமா, பதறாதேங்கோ. பரமலிங்கம் அண்ணை எங்க?... எண்ணெய் ஊத்தப் போயிட்டார். நல்லது... மணி பாத்தனான், இருக்கு, நேரம் இருக்கு... இருக்கு எண்டு சொல்லுறன்தானே. நீங்கள் இருட்டில இருக்கிற நேரத்துக்குள்ள நான் கீறி முடிச்சிடுவன்... இல்லை, மாமிக்கு இப்ப எடுக்காதேங்கோ, என்ன சொல்லப் போறீங்கள், பச்சைப் பட்டையை அமத்தினன் எண்டோ...

எவ்வளவு பெரிசாக் கீற?... கண்ணாடி கொண்டு வரேல்லையோ. அப்ப கடைக்குப் போர்ட் எழுதுற மாதிரிப் பெரிசா எழுதுறன். என்ன நிறம்?... பச்சை வேண்டாமோ. ஓம், பச்சையால போய்ப் பாத்தது போதும். நீலம்... சரி, நீலம். 'ழ'வின்ர வாலை நல்லா இழுத்து விடுறன், தூரத்தில நிண்டாலும் தெரியும்...

வந்திட்டுதோ? கேக்குது, ஜெனரேற்றர் கத்துறது எனக்கே கேக்குது. பரமலிங்கம் அண்ணைக்குச் சொல்லுங்கோ, அடுத்தமுறை வரேக்கை தனிச் செம்மஞ்சளில ஒரு கொடி கீறிக்கொண்டு வந்து தாறன் எண்டு... வேண்டாமாமோ. சரி. பக்கத்தை எடுங்கோ... ஓம், பொறுங்கோ... வரும்...

மாமா?

என்ன தெரியுது... வாசியுங்கோ.

ஓம்.

ஓம் மாமா, தமிழ்தான். பெரிசாத்தான் போச்சுது... வடிவா இருக்கோ. நான் கீறினது, பெட்டியைப் பாத்துக்கொண்டு குந்தியிருந்து... சரி, இனி என்ன யோசனை? அமத்துங்கோ. எங்க இருந்து வந்தனீங்கள் எண்டு அது கேக்காது. வாசிக்கத் தெரிஞ்சால் உள்ளுக்கை விடும்.

உள்ளுக்கை போயிட்டீங்களோ... எல்லாம் தமிழோ... பாத்தீங்களே. இப்ப நீங்கள் வாசியுங்கோ, பரமலிங்கம் அண்ணை அடிக்கட்டும். அடிக்கிறதை இங்கிலீசு எழுத்திலயும் அடிக்கலாம், பரவாயில்லை... ஓம், பேர்... ஓம், உங்கட வாப்பான்ர பேர்... சொந்த ஊர் எண்டு கேக்குதோ? சொல்லுங்கோவன், அதுக்குத்தானே இவ்வளவும்... ஓம். முல்லைத்தீவு... அடிச்சிட்டாரோ. திருப்பி வாசிச்சுப் பாத்தீங்களோ... ரெண்டுதரம் பாத்தீங்களோ. சரி, போவம் மாமா, மூண்டாந்தரம் பாத்தாலும் அதுதான் நிக்கும்.

அடுத்தது வீட்டில இருக்கப் போற ஆக்கள்... ஓம், நீங்கள். மாமி. ஸுல்பா... ஓம், ஸுல்பா புத்தளத்தில பிறந்தாலும் போடலாம், அதுக்கும் இடம் இருக்கு. இப்ப மூண்டு பேர். கீழ ஒரு கட்டம், அனுப்பு எண்டு... என்ன, முடியேல்லையோ? நாலாவது ஆர்?... மாமா, ஸுல்பான்ர பூனையைப் போடேலாது, மனுசர் மட்டும்தான்... ஆர்?...

இல்லை, கேட்டது. லைன் நல்லாத்தான் இருக்கு.

மாமா, நான் இங்க வவுனியாவில அறை எடுத்துத்தானே... ஓம்... ஓம், அறை வேற, வீடு வேற... ஓம், அண்டைக்கு லைனில நாலு பேராத்தான் நிண்டனாங்கள், நீங்கள், மாமி, மாமியின்ர வயித்துக்குள்ள ஸுல்பா, நான்... ஓம். இப்ப மூண்டு பேர் எண்டு எழுதினால் அது பொய்தான்.

பொறுங்கோ, இது சட்டப்படி சரியோ எண்டு பாக்க வேணும்... இல்லை, பகிடி இல்லை, உத்தியோகம். சொந்தக்காரருக்கு நாங்கள் விரல் வைக்கக் கூடாது எண்டுதான் எழுதியிருக்கு. சொந்தக்காரர் எங்களுக்கு விரல் வைக்கிறதைப் பற்றி ஒண்டும் எழுதேல்ல... மிஸ்ஸைக் கேக்கவோ? அவா பாத்துக்கொண்டுதான் இருக்கிறா. தலையை ஆட்டுறா. எந்தப் பக்கம் ஆட்டுறா எண்டு கண்ணாடிக்குள்ளால விளங்கேல்ல... ஓம் எண்டு எடுப்பமோ. சரி. எடுப்பம்.

அடிச்சாச்சோ... அனுப்பை அமத்துங்கோ. நீங்களே அமத்துங்கோ மாமா, பரமலிங்கம் அண்ணை வேண்டாம்... ஓம்...

வந்திட்டுது. இங்க வந்திட்டுது மாமா, எனக்கு முன்னால நிக்குது... ஓம். நாலு மணிக்கு முதல்தான். முல்லைத்தீவு, நாலு பேர்... இல்லை, அதே இருமல்தான். தூசி எண்டு முதலே சொன்னனான்... ஓம், அல்ஹம்துலில்லாஹ்.

மாமிக்கு நீங்கள் எடுங்கோ. நான் சொன்னால் பகிடி எண்டு போனை வைச்சிடுவா. பஸ் ஏறச் சொல்லுங்கோ... கடிதமோ? கடிதம் வரும், நானே பாத்து அனுப்புவன்... ஓம் ஓம், விரல் வைக்காமல்தான்.

மாமா, வைக்க முதல் ஒண்டு. எனக்கு எந்த அறை?... குசினிக்குப் பக்கத்திலயோ. சமைக்கப் போறது ஆர் எண்டு முதல் சொல்லுங்கோ. மாமி எண்டால் சரி, அந்த அறையே போதும். நீங்கள் எண்டால் நான் கடைப்பக்கம் படுக்கிறன்... மாமா?... சொல்லுங்கோவன், ஆர் சமைக்கிறது?... ஹலோ?... ஹலோ...